கிருஷ்ணகிரி ஜில்லாவின் கரும்பாறைச் சுவர்களும் கிணற்று நீரும்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் கிணறு வெட்ட முற்படும் குடியானவர்கள் பெரும்பாலும் அயலார் கிணற்றைப் பார்த்தே இடம் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் ஒரு வரப்புக்கு இப்பால் ஊற்று நிறைந்திருக்க, அப்பால் நூற்றுக்கணக்கான அடி துளைத்தும் வெறும் கற்பொடியே வருவதுண்டு. இதனை அதிர்ஷ்டத்தின்மேல் ஏற்றிச் சொல்வது வழக்கம். எனினும், இதன் காரணம் பலவிடங்களில் நிலத்தின் மேலேயே கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கிறது.

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ளது. கிருஷ்ணகிரி அதனினும் மிகத் தாழ்ந்தது. இரண்டிற்கும் அடித்தளமாயிருப்பவை வரிவரியான நைஸ் பாறையும் கிரானைட்டுமே. இவற்றின் வயது சுமார் 250 கோடி வருஷம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைக் கண்டு அது தணிந்துபோன எரிமலை என எண்ணலாகாது. பூமியின் ஆழத்தில் உறைந்த பாறை, மேலிருந்தவை யாவும் மழையாலும் வெயிலாலும் கரைந்துபோன பின் வெளிப்பட்டு நிற்பதே அம்மலையாகும்.

மெய்யான எரிமலைப் பாறையைக் காண வேண்டின் கோலார்ப் பட்டையை நோக்க வேண்டும். சுமார் 270 கோடி வருஷங்களுக்கு முன் நீருக்கடியில் பாய்ந்து உறைந்த குழம்பு, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி அப்பட்டையாயிற்று. 2001ஆம் வருஷத்தில் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்கள் அதிலேயே இருந்தன. அதன் தென்பகுதி வேப்பனப்பள்ளி, மகாராஜகடைப் பக்கம் வரை நீள்கிறது.

குடியானவர்களுக்கு இதனினும் முக்கியமானவை பிற்காலத்தில் தோன்றிய கரும்பாறைச் சுவர்கள். பழைய பாறை வெடித்த பிளவுகளில் கீழிருந்து உருகிய குழம்பு ஏறி, மேலே வராமலே உறைந்து டாலரைட் ஆயிற்று. தர்மபுரி, பெங்களூர்ப் பிரதேசங்களில் இத்தகைய சுவர்கள் பலவற்றின் வயது சுமார் 237 கோடி வருஷமெனக் கணிக்கப்பட்டிருக்கிறது. மேலே துருநிறமும், உடைத்தால் உள்ளே கருமையுமாக, உருண்டைக் கற்கள் வயல்களினூடே ஒரே வரிசையில் கிடக்குமாயின், அதன்கீழ் சுவர் உண்டென்று அறியலாம். கறுப்பு கிரானைட் என விற்பனையாவதும் பெரும்பாலும் இவ்வினக் கல்லே.

இப்பிரதேசத்தில் நீர் தங்குமிடங்கள் இரண்டே: சிதைந்து இளகிய மேற்பாறையும், அதன்கீழுள்ள வெடிப்புகளும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும். ஆதலால் ஆழமாகத் துளைப்பதொன்றே நீருக்கு உறுதியன்று. சரிவில் இறங்கும் நிலத்தடி நீரை இறுகிய கரும்பாறைச் சுவர் அணைபோல் தடுக்கும். மேற்சரிவுப் புறத்தில் நீர் தேங்கும், கீழ்ப்புறம் வறளும். சுவரே வெடித்துச் சிதைந்திருந்தாலோ, நீர் அதன் வழியே ஓடவுங்கூடும்.

ஆகவே கிணற்றுக்குப் பணம் செலவிடுமுன் செய்ய வேண்டியவை சில. கருங்கல் வரிசையையும் நிலச்சரிவையும் நடந்து பார்க்க வேண்டும். சுவரின் இருபுறத்துக் கிணறுகளிலும் கோடையில் நீர்மட்டத்தை அளந்து ஒப்பிட வேண்டும். கசிவுநீர்க் குட்டையைச் சுவருக்கு மேற்சரிவில் அமைத்தல் நலம். ஐயமுள்ளவிடத்து நிலநீர் ஆய்வாளரைக் கொண்டு பரிசோதித்துக்கொள்ளல் உத்தமம்.

கிராம அதிகாரிகள் இவ்வரிசைகளைக் கிராம வரைபடத்தின் பிரதியொன்றில் குறித்து வைப்பாராயின், ஒரு குடும்பம் கடன்பட்டுத் துளைத்து ஏமாறிய இடத்திலேயே மற்றொரு குடும்பமும் ஏமாறாதிருக்கும்.