வம்ச வழியே வரும் இருதய நோய்

திருவனந்தபுரத்தில், கரமனையை அடுத்த பூஜப்புரையில், சாத்தெல்மண்ட் அரண்மனையில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தானும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு பாடுபட்டு உருவாக்கிய செயற்கை இருதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டபோது, கெட்டுப்போன உறுப்பை நம் நாட்டிலேயே செய்து மாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் சரீரம் முழுவதும் ஓடும் ரத்தக் குழாய்களின் உட்புறத்தை அவ்வாறு செய்து மாற்ற எவராலும் இயலாது. ஒரே வரிசை உயிரணுக்களாலான அந்த மெல்லிய சவ்வுதான் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. அது பழுதுபட்ட இடத்தில்தான் கொழுப்பு படியத் தொடங்குகிறது. இந்தப் படிவு குழந்தைப் பருவத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

சில குடும்பங்களில், ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் போதிய அளவு இழுத்துக்கொள்ள முடியாதபடி ஒரு மரபணுக் குறை வம்சாவளியாக இறங்கி வருகிறது. இதன் சூட்சுமத்தை விளக்கிய பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்கர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தாய் தந்தையரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருப்பதால் இதை அபூர்வமென்று ஒதுக்குவதற்கில்லை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பதும், இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். பலரிடம் அவையும் தென்படுவதில்லை.

மரபணு ஒன்றே பரம்பரையாகாது. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களைப் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு தேடிப்பிடித்து, 1996-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சி, எடை குறைந்து பிறந்தவர்களிடையே நடுவயதுக்குப் பின் இருதய நோய் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. கர்ப்பிணிக்குக் கிடைக்காத சோறு, ஐம்பது ஆண்டுகள் கழித்து மகனுடைய மார்பில் வலியாக வந்து நிற்கக்கூடும்!

ஆகவே தகப்பனாரோ தமையனோ 55 வயதுக்குள், தாயாரோ சகோதரியோ 65 வயதுக்குள் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், விதியென்று வாளாவிருக்காமல், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். அந்த மரபணுக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டியே கொடுக்கத் தகுந்த மாத்திரைகள் இன்று இருக்கின்றன.