உறங்கா இரவுகள் – 7: படுக்கையை விட்டு எழுந்திருங்கள்

குச்சனூர் என்றதும், சுரபி நதிக்கரையில் எழுந்தருளியிருக்கும் சுயம்பு சனீஸ்வர பகவானும், ஆடிச் சனிக்கிழமைகளில் அங்கே திரளும் ஜன சமுத்திரமுமே வாசகர்களின் நினைவுக்கு வரும். ஆனால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நன்செய்க்கு இடையே அமைந்த ஊர் அது; அந்த நன்செய்க்கும் மனிதரின் நித்திரைக்கும் உள்ள சம்பந்தத்தையே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், நடவு நாள்களில் மண்வெட்டியும் டார்ச் விளக்குமாக நடுநிசியில் வரப்பேறி, மடையை அடைத்தும் திறந்தும் தண்ணீர் பாய்ச்சி, வீடு திரும்பித் தலை சாய்த்த மாத்திரத்தில் உறங்கிப்போவதையே ஆயுள் முழுவதும் வழக்கமாகக் கொண்டிருந்தவர். மூட்டுவலியால் வயலைக் குத்தகைக்கு விட்டபின், இரவு எட்டு மணிக்கே கயிற்றுக் கட்டிலில் படுத்துவிடுகிறார். "பொட்டுத் தூக்கமில்லய்யா. பொரண்டு பொரண்டு படுத்து, கோழி கூப்புடுற நேரத்துக்குத்தான் கண்ணு சொக்குது" என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் இருந்தது சோர்வைவிட அச்சமே. ஊரெல்லாம் உறங்கத் தான் ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் வேதனையைக் குறுந்தொகையின் ஆறாம் பாட்டிலே பதுமனாரின் தலைவி சொல்கிறாள். காதலுக்கு மட்டுமன்று, முதுமைக்கும் உரிய தனிமை அது.

அவருடைய பகல்பொழுதை விசாரித்தேன். விடியலில் கண் அயர்ந்து எட்டு மணிக்கு எழுவது, மதியச் சோற்றுக்குப் பின் திண்ணையில் நெடுந்தூக்கம், மாலையில் இரண்டு கிளாஸ் டீ, பொழுது சாய்ந்ததும் "நேத்து விட்ட தூக்கத்தை இன்னிக்காவது புடிக்கணும்" என்று மீண்டும் படுக்கை. தூக்கத்துக்கும் பசி உண்டு. விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சேர்ந்து அந்தப் பசியை வளர்க்கிறது; பகலுறக்கம் அதைத் தணித்துவிடுகிறது; டீயிலுள்ள காஃபீனோ அதை உணரவொட்டாமல் மறைக்கிறது. குடித்த காஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். இவற்றுக்கு மேல், இரவுதோறும் கட்டிலில் விழித்துக் கிடந்து கவலைப்பட்டால், கட்டிலைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் இதுவே எல்லாவற்றிலும் கொடியது.

இங்கே ஒரு பேதத்தைச் சொல்லியாக வேண்டும். இதே வட்டாரத்தில், இருள் பிரியுமுன் சமைத்து, தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். படுத்தால் உறங்கிவிடுவார்கள், படுக்கத்தான் அவகாசமில்லை. அவர்களுக்கு வேண்டியது உபாயமன்று, ஓய்வு. அதைத் தராமல் தூக்கத்தைப் பற்றி உபதேசிப்பது அநியாயம்.

நேரமிருந்தும் நித்திரை வாராதவர்களுக்கோ, அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் வகுத்த முறை இன்றும் மேலான துணை. கண் அசத்தும்போது மட்டுமே படுக்க வேண்டும். சற்று நேரத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் செல்ல வேண்டும். மீண்டும் அசத்தினால் திரும்பலாம். எவ்வளவு குறைவாக உறங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். படுக்கையில் கழிக்கும் காலத்தையே முதலில் சுருக்கி, உறக்கம் சீர்பட்டபின் சிறிது சிறிதாக நீட்டும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டார். இவ்விரண்டையும் உள்ளடக்கிய மனப்பயிற்சிச் சிகிச்சையையே, மாத்திரைக்கு முன்னதாகக் கைக்கொள்ளும்படி அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

பெரியவர் முதலில் இதை ஏற்கவில்லை. தூங்காதவனை எழுந்து உட்காரச் சொல்வது என்ன வைத்தியம் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். மனைவியின் வற்புறுத்தலால் இணங்கி, பதினொரு மணிக்குமுன் கட்டிலை அணுகுவதில்லை, ஐந்து மணிக்குமேல் கிடப்பதில்லை என்று நியதி செய்துகொண்டார். தூக்கம் பிடிக்காத ராத்திரிகளில் மங்கிய விளக்கடியில் அமர்ந்து, தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்குச் சீவினார். ஆரம்பத்தில் பகலெல்லாம் தள்ளாடினார். சில வாரங்கள் சென்றபின், விளக்குமாற்றுக்குச் சீவ வேண்டிய ஓலை மூலையில் மீந்து கிடப்பதாக அம்மாள் சொன்னார்கள்.

பாலில் ஜாதிக்காய்த் தூள் சேர்த்துப் பருகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிட்டிகை அளவில் கேடில்லை. அளவு மீறினால் ஜாதிக்காய் நஞ்சாகி மதிமயக்கத்தை விளைவிக்கும். வலிப்பு நோயுள்ளவர்களும், இரவில் வாகனம் ஓட்டுபவர்களும் மருத்துவரைக் கலக்காமல் உறங்கும் நேரத்தைச் சுருக்கலாகாது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருமானால், அது வேறு நோய். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். ஏற்கெனவே தூக்க மாத்திரைக்குப் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் மேற்பார்வையில் அளவைக் குறைத்து வரும் விதத்தை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.