வேங்கைப் பிசினும் காட்டவரை இலையும்
ஆலு குறும்பர் ஓவியம், கோத்தகிரி வட்டாரம், நீலகிரி

வேங்கை மரப்பட்டையைக் கீறினால் ரத்தச் சிவப்பில் பிசின் வடியும். காற்றுப் பட்டதும் கருஞ்சிவப்புக் கட்டியாக இறுகும். வெந்நீரில் கரைத்தால் வண்ணம் தயார். நீர் கூடினால் இளம்பழுப்பு. பூச்சின் மேல் பூச்சு விழுந்தால் அடர்பழுப்பு. காட்டவரை இலையைத் தேய்த்தால் பச்சை, செம்மண்ணில் சிவப்பு.

முன்பு வீட்டுச் சுவர்களில் வரைந்த இக்கலையைத் தாளிலும் துணியிலும் தீட்டி வெளியுலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர், வெள்ளரிக்கோம்பை ஓவியர் ஆர். கிருஷ்ணன். அவ்வூருக்கு அருகே எழுத்துப்பாறையில் தொல்பழங்கால ஓவியங்கள் உள்ளன.

படத்தின் கோடுகளைக் கவனியுங்கள்: பிசின் தேங்கிய இடம் கறுத்தும், கை விரைந்த இடம் தேன் நிறத்திலும் இருக்கும். இலைப்பச்சை வெளிச்சத்தில் வெளிறும். அதனால் இங்கே விளக்கொளி குறைவு. ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டாம்.