எண்சாண் உடம்பில் இடுப்பு எத்தனை சாண்?

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்து அவருடைய சாமான்களை ஒதுக்கியபோது, அவர் சாரனுக்கு மேல் கட்டும் அகலமான தோல் பெல்ட் என் கைக்கு வந்தது. அதில் ஐந்து துளைகள். இரண்டாவது துளையில் பக்கிள் அழுத்திய தழும்பு பழையது, கறுத்துப் போனது. மூன்றாவதிலும் நாலாவதிலும் அதேபோலத் தழும்புகள். கடைசித் துளை மட்டும் புதிதாகப் பெருத்திருந்தது. அவர் வாலிபத்தில் வாங்கிக் கடைசி வரை கட்டிய பெல்ட் அது.

ஊரில் வாப்பாவை யாரும் தடித்த ஆள் என்று சொன்னதில்லை. மருதமுனைச் சாரன் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்து வியாபாரம் செய்தவர். கையும் காலும் குச்சி. 49 வயதில் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். "கொழுத்த ஆக்களுக்குத்தானே சீனி வரும்? இவருக்கு எப்பிடி?" என்று மாமி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மாமியின் கேள்விக்குப் பதில் பெல்ட்டின் துளைகளில் இருந்தது. பதினைந்து இருபது வருடமாக அது அளந்து வைத்திருந்ததை நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

நாம் நிறையைத்தான் வாசிக்கிறோம். கிளினிக்குக்குப் போனால் முதலில் தராசில் ஏற்றுகிறார்கள், பிறகு உயரம் பார்க்கிறார்கள். கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி, அதாவது பீ.எம்.ஐ. இந்தக் கணக்கைப் போட்டவர் வைத்தியர் இல்லை. அடோல்ப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதர். 19ஆம் நூற்றாண்டில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று அறியப் போட்ட கணக்கு அது. 1972இல்தான் அமெரிக்க ஆய்வாளர் அன்செல் கீஸ் அதற்கு இப்போதைய பெயரைக் கொடுத்தார். ஒரு நாட்டு மக்களைக் கூட்டமாகப் பார்க்க நல்ல கணக்கு. ஓர் ஆளின் நிறையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு உடம்பில் எங்கே கிடக்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. இன்சுலின் விஷயத்தில் கேட்க வேண்டியதோ அந்தக் கடைசிக் கேள்விதான்.

சோறு தின்றதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. சதையி இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைக் கலங்களின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடுகிறது. ஈரலுக்கும், "போதும், நீ சீனி செய்யாதே" என்று சொல்கிறது. கலங்கள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காமல் போவதே இன்சுலின் எதிர்ப்பு.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நமக்கு இதை விளக்க ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மாரியில் வாவி பெருகும். கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயலும் வளவும் தண்ணீர். மணல் திரும்பத் திரும்ப வந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வெட்டிய இடத்தில் இருபது பேர் வெட்டுகிறார்கள், பிறகு முப்பது பேர். வாவிக் கரையில் நின்று பார்ப்பவனுக்குத் தண்ணீர் மட்டம் வழக்கம்போல. எல்லாம் சரி என்று போய்விடுவான். இரத்தத்தில் சீனி பார்ப்பது இந்த மட்டத்தைப் பார்ப்பது. மண்வெட்டிகளை அது எண்ணுவதில்லை. சதையி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலின் சுரந்து வருடக்கணக்காகச் சீனியைக் கட்டுக்குள் வைத்திருக்கும். ஒரு நாள் வெட்டுகிறவர்கள் களைத்துப் போவார்கள். அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டில் சீனி ஏறியிருக்கும். நாமும் "திடீரென்று வந்துவிட்டது" என்போம்.

மண்வெட்டிகளை எண்ணவும் வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் சீனியையும் இன்சுலினையும் ஒன்றாக அளந்து பெருக்கி 405ஆல் வகுக்கும் கணக்கு ஒன்று 1985இல் இருந்து புழக்கத்தில் உள்ளது, ஹோமா என்பார்கள். இரண்டு பேருக்கும் சீனி 95 மில்லிகிராம் என்று வைப்போம். ஒருவருக்கு இன்சுலின் 6 அலகு என்றால் கணக்கு 1.4. மற்றவருக்கு 20 அலகு என்றால் 4.7. சீனி ரிப்போர்ட்டில் இருவரும் ஒன்று. உள்ளே நடப்பது வேறு வேறு. ஆனால் இன்சுலினை அளக்கும் இந்தப் பரிசோதனை வழக்கமான கிளினிக்கில் எல்லோருக்கும் செய்கிற ஒன்றில்லை, செலவும் அதிகம். அதனால்தான் உடம்பின் வெளி அளவுகளில் ஏதாவது உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்குமா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள்.

தேடலின் தொடக்கம் 1947. பிரான்சின் மார்செய் நகர வைத்தியர் ஜீன் வாக், தடித்த உடம்பு எல்லாம் ஒன்றில்லை என்று எழுதினார். வயிற்றில் பருத்தவர்களுக்குத்தான் நீரிழிவு கூடுதலாக வருகிறது, இடையிலும் தொடையிலும் பருத்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்பது அவர் கண்டது. பல வருடம் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

நம்மைப் போன்றவர்களைத் தொட்ட ஆய்வு 1991இல் வந்தது. இலண்டனின் மேற்கே சவுத்ஹால் பகுதியில் குடியேறிய தெற்காசியர்களையும் அங்குள்ள ஐரோப்பியர்களையும் மெக்கீக், ஷா, மார்மொட் ஆகியோர் ஒப்பிட்டார்கள். தெற்காசியரில் 19 வீதத்தினருக்கு நீரிழிவு, ஐரோப்பியரில் 4 வீதம். நிறையில் இதற்குத் தக்க வித்தியாசம் இல்லை. இடுப்பில் இருந்தது. சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று உணவும் பழக்கமும் வேறான எல்லோரிடமும் இதே வயிறு.

2004இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு படம் வந்தது. இரண்டு வைத்தியர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின். இருவரின் பீ.எம்.ஐ.யும் 22.3, புள்ளி பிசகாமல் ஒன்று. உடம்பில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். இதை வாசித்தபோது எனக்கு யாஜ்னிக்கின் இடத்தில் வாப்பாதான் தெரிந்தார். அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், ஆசியர்களுக்கு 25 வரும்வரை காத்திருக்க வேண்டாம், 23இலேயே கவனியுங்கள் என்றது.

வயிற்றுக் கொழுப்பு ஏன் இந்த வேலை செய்கிறது? வயிற்றில் கொழுப்பு இரண்டு இடத்தில் சேரும். தோலுக்குக் கீழே கையால் பிடித்து இழுக்கக்கூடியது ஒன்று. குடலைச் சுற்றி, தசைக்கு உள்ளே கிடப்பது மற்றது. இந்த உட்கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பமிலங்களை விட்டுக்கொண்டே இருக்கும். அவை ஈரல்வாயில் நாளத்தின் வழியாக நேரே ஈரலுக்குப் போகும். அழற்சியை உண்டாக்கும் பொருள்களையும் அது விடுகிறது. கொழுப்பேறிய ஈரல் இன்சுலினின் பேச்சைக் கேளாமல் சீனி செய்துகொண்டே இருக்கும். தொடையில் சேரும் கொழுப்பு வேறு மாதிரி. அது கொழுப்பைப் பூட்டி வைக்கும் களஞ்சியம்; அதனால் ஓரளவு நன்மையும் உண்டு.

இதனால்தான் உடல் பருமன் உள்ளவர்களுக்குள்ளேயே எல்லோரும் ஒன்றில்லை. போன வருடம் ஆசிரியர்களுக்கு ஒரு சுகாதாரப் பரிசோதனை நடந்தது. பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் உத்தியோகத்தரே அளந்தார். என்னோடு படிப்பிக்கும் இரண்டு ராத்தாமார் தங்கள் அளவுகளை எழுதச் சம்மதித்தார்கள். இருவரும் 155 சென்ரிமீற்றர், இருவரும் 74 கிலோ. பீ.எம்.ஐ. ஏறக்குறைய 31, யார் பார்த்தாலும் பருமன் என்றுதான் எழுதுவார்கள். ஒருவருக்கு இடுப்பு 86, இடை 112. மற்றவருக்கு இடுப்பு 101, இடை 103. இடுப்பை இடையால் வகுத்தால் முதலாமவருக்கு 0.77, இரண்டாமவருக்கு 0.98. பெண்களுக்கு 0.85க்கு மேல் போகக்கூடாது. வெறும் வயிற்றுச் சீனி முதலாமவருக்கு 88, இரண்டாமவருக்கு 118. நீரிழிவுக்கு முந்திய நிலை அது. தராசு இந்த இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. முதலாமவருக்கும் கவலை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவருடைய இடுப்பும் எல்லைக்கு மேல்தான். ஆனால் யாரை முதலில் பிடித்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைச் சொன்னது அளவு நாடா.

எல்லை எது? சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியருக்குத் தந்த இடுப்பளவு: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. ஐரோப்பிய ஆணுக்கு 94. இன்னோர் அளவு நமது மொழிக்கே நெருக்கமானது. எண்சாண் உடம்பு என்று நாம் சொல்கிறோம். இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது இப்போதைய மருத்துவம். 2022இல் பிரித்தானிய வழிகாட்டியிலும் இதைச் சேர்த்தார்கள். எண்சாணில் பாதி நாலு சாண். கைச்சாண் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும் என்பதால் ஒரு நூலை எடுங்கள். உச்சந்தலை முதல் பாதம் வரை அளந்து வெட்டி இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி முட்ட வேண்டும். முட்டினால் நல்லது.

அளக்கும் இடத்தில்தான் பிழை விடுகிறோம். ஆண்கள் காற்சட்டை அளவைச் சொல்வார்கள். "எனக்கு 34தானே சேர்!" காற்சட்டை தொப்பைக்குக் கீழே நிற்கிறது, அது தொப்பையின் அளவில்லை. விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் தோலில், மூச்சை மெதுவாக விட்டபின் நாடாவைப் பிடிக்க வேண்டும். வயிற்றை எக்கினால் நாம் ஏமாற்றுவது நம்மைத்தான்.

நம்முடைய உடுப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. காற்சட்டை போடுகிறவனுக்கு இடுப்பு பெருத்தால் பொத்தான் பூட்டாது, அவனுக்குத் தெரிந்துவிடும். சாரனுக்கு அளவு கிடையாது. ஒரு மடிப்பைக் குறைத்துக் கட்டினால் ஆயிற்று. அபாயாவும் அப்படித்தான். பத்து வருடத்தில் பத்து சென்ரிமீற்றர் ஏறினாலும் உடுப்பு வாய் திறக்காது. உடுப்பைக் குறை சொல்லவில்லை. உடுப்பு சொல்லாததை நூல் சொல்லும்.

நம்மை அளக்காமல் விட்டது உடுப்பு மட்டுமில்லை. 2005, 2006இல் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு என்று பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வயது வந்தோரில் 10.3 வீதம் என்றார்கள். வருடக்கணக்காக எல்லோரும் மேற்கோள் காட்டிய எண் அது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தத்தால் விடுபட்டவை வடக்கும் கிழக்கும். வாப்பாவின் விரல்கள் போன காலத்தில் நாட்டின் கணக்கில் இந்த வாவிக்கரை முழுவதும் இல்லை. பிறகு 2018, 2019இல் நாடளாவிய ஆய்வு ஒன்று, ஏறக்குறைய 23 வீதம் என்றது. நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சஹனைச் சுற்றி உட்காரும் ஆட்களை எண்ணிப் பாருங்கள்.

நாடாவுக்கும் எல்லை உண்டு. தோலுக்குக் கீழுள்ள கொழுப்பையும் உட்கொழுப்பையும் அது பிரித்துக் காட்டாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். பீ.எம்.ஐ. 35க்கு மேல் போனவர்களில் அநேகமாக எல்லோரின் இடுப்பும் எல்லையைத் தாண்டியிருக்கும் என்பதால் அவர்களிடையே இடுப்பளவு அதிகம் பிரித்துக் காட்டாது. அங்கே வேறு அடையாளங்கள் உதவும். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் போலத் தடிப்பது இன்சுலின் எதிர்ப்பின் பழைய அடையாளம். நம் வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளைகளின் பிடரியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கிறார்கள். என் வகுப்பிலேயே அப்படித் தேய்த்துப் புண்ணான பிடரியைக் கண்டிருக்கிறேன். தேய்க்க வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள்.

குறைப்பது எப்படி என்பது தனிக் கட்டுரைக்குரியது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், நிறையில் 7 வீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்கு. அதைப் பின்பற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. உட்கொழுப்பு முதலில் கரையும் கொழுப்புகளில் ஒன்று. தராசு அசையாத வாரங்களிலும் நாடா அசையும். காத்தான்குடி போல வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்களில் எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெண்கள் கேட்டால் இன்னும் நியாயம். சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் ஆண்கள் நடக்கிறார்கள். பெண்களுக்கு அந்த நேரமும் இடமும் கிடைக்க ஜமாஅத்தார் பேசினால் நடக்கும்.

பரிசோதனை நடந்த அன்றிரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மகளின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து நானும் அளந்தேன். உயரம் 168. மடித்த நூல் இடுப்பைச் சுற்றி முட்டவில்லை. நாலு விரற்கடை இடைவெளி. அந்த நூலை வாப்பாவின் பெல்ட்டோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். போன மாதம் இரண்டு விரற்கடை.