சுவரொட்டியும் ஓதோரோவும்

சென்ற ஞாயிறன்று ஹெப்பகோடியில் நம் அன்பர் ஒருவர் தம் இளைய மகளை இறைச்சிக் கடைக்கு அனுப்பினார். "சுவரொட்டி இரண்டு வாங்கி வா, அம்மா" என்பது அவர் சொன்னது. இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த அச்சிறுமிக்கு அச்சொல் புதிது. கடைக்காரருக்கும் அது விளங்கவில்லை. முடிவில் வீடு வந்து சேர்ந்தது ஈரல்! ஆட்டின் மண்ணீரலையே நம்மவர் சுவரொட்டி என்பர். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதனைச் சுட்டுக் கொடுப்பது நம் பாட்டியர் வழக்கம். அன்று அவ்வீட்டில் அதற்காகக் காத்திருந்தவர், பேறுகாலத்திற்கென வந்திருந்த மூத்த மகள்.

தலைக்கறி கேட்பதில் நமக்கு இடரில்லை. கன்னடத்தாரும் 'தலெ மாம்ஸ' என்றே கூறுவர். கால் அவர்களுக்குக் 'காலு'. உடன்பிறந்த மொழியின் உதவி பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுகிறது. நெஞ்செலும்பு, நல்லி என்று வரும்போது நாவை விட்டு விரலை நீட்டுகிறோம். மீன் கடையிலோ வஞ்சிரம் 'அஞ்சல்' ஆகிறது. அயிலை 'பங்குடெ' ஆகிறது. (நம்முள்ளேயே ஒற்றுமை ஏது? வஞ்சிரத்தைக் குமரி மாவட்டத்தார் நெய்மீன் என்பர். ஈழத்தார் அறுக்குளா என்பர்.)

விரல் நீட்டினாலும் கறி கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும், நெஞ்செலும்பு என்ற உடனே சாறும், கொத்துக்கறி என்ற உடனே உருண்டையும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பெயரோடு சமையலும் சேர்ந்தே வருகிறது.

இதனை நன்கு அறிந்தவர் ஜப்பானியர். சூரை இனத்துப் பெருமீனை அவர்கள் மகுரோ என்பர். அதன் கொழுப்பற்ற செந்தசை அகாமி. கொழுப்பு இடைத்தரமாயின் சூதோரோ. வயிற்றுப்புறத்தில் கொழுப்பு மிகுந்த பகுதி ஓதோரோ. விரைவில் கெடுவது என்று முற்காலத்தில் ஒதுக்கப்பட்ட அத்துண்டே இன்று விலை மிகுந்தது. செவுளை அடுத்த எலும்போடு கூடிய தசைக்குக் காமா என்று பெயர். அதனை உப்பிட்டுச் சுடுவர். கோழி மார்பின் உட்தசை சிறுமூங்கில் இலைபோல் இருப்பதால் சசாமி ஆயிற்று. என்ன அழகான பெயர்!

ஆனால் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிப் பக்கம் திரும்பினால் அவர்களும் கடன் வாங்கியவர்களே. 675-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பேரரசர் தெம்மு மாடு முதலிய சில விலங்குகளை உண்ணத் தடை விதித்தார். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட பின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று. ஆகவே நாக்கு 'தான்' எனவும், இதயம் 'ஹாத்ஸு' எனவும் ஆங்கிலத்திலிருந்து சென்று சேர்ந்தன. கடன் வாங்குவது குற்றமன்று. நம் கைமாவும் உருதுவிலிருந்து வந்ததே. நம் நிலை வேறு. சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே, அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்திருக்கிறோம்.

ஆதலின் நம் இல்லத்தரசியர்க்கு ஒரு வேண்டுகோள். கறியின் உறுப்புகளுக்கும் மீன் துண்டங்களுக்கும் தங்கள் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதியனுப்புங்கள்; அடுத்த இதழில் கன்னடப் பெயர்களோடு சேர்த்து வெளியிடுகிறோம். முதற்கண் ஒரு கேள்வி: ஜப்பானியர் காமா என்னும் அந்தச் செவுளோரத் துண்டுக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் உண்டா?