பாம்பு விஷமுறிவு மருந்தின் வீரியப் பரீட்சை

வரப்பிலும் வைக்கோற்போரிலும் பாம்பு தீண்டப்பெற்ற குடியானவனைக் காப்பது, குதிரை இரத்தத்தினின்று எடுக்கப்படும் விஷமுறிவு மருந்தேயாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றிவர, அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி விளைகின்றது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-ல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் இவ்விஷத்தைச் சேகரித்து உதவுகின்றனர்.

மருந்தின் வீரியத்தை அறிய, நிர்ணயித்த அளவு விஷத்துடன் வெவ்வேறளவு மருந்தைக் கலந்து, 37 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 30 நிமிஷம் வைத்துச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, பிழைத்தவற்றை எண்ணுவர். இந்திய மருந்து ஒரு மில்லிலிட்டர், நல்லபாம்பு, கண்ணாடிவிரியன் விஷங்களில் தனித்தனியே 0.6 மில்லிகிராமையும், ஏனைய இரண்டில் 0.45 மில்லிகிராமையும் முறித்தல் வேண்டும்.

இங்ஙனம் பரீட்சித்த மருந்தும் காலந்தாழ்ந்தால் முழுப்பயன் தராது. ஆகவே, கடியுண்டவர் கீறியும் கட்டியும் பொழுதுபோக்காது, உடனே ஆஸ்பத்திரியை அடைவாராக.