நேப்பியர் பிரபு: தூதுவர், ஆளுநர், விசாரணைத் தலைவர்

சென்னைக் கடற்கரைக்குச் சுற்றுலா செல்லும்போது, கூவம் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நேப்பியர் பாலத்தைக் கடக்கிறோம். முதன்முதலில் 1869-இல் கட்டப்பட்ட பாலம் அது. இப்பொழுது காணும் வளைவுகள் பின்னாளில் எழுந்தவை. 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் போட்டிக்காக அதன்மீது கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டப்பட்டபோது நாடே அதை வியந்து பார்த்தது. ஆயினும் அந்த நேப்பியர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம்.

பிரான்சிஸ் நேப்பியர் 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கணக்கு வகுப்பில் நம்மைத் திணற வைக்கும் மடக்கையை 1614-இல் உலகுக்கு அளித்த ஜான் நேப்பியர் இக்குடும்பத்தின் முன்னோர்களுள் ஒருவர். தூதனுக்கு நற்குடிப் பிறப்பும் வேண்டும் என்று வள்ளுவர் ‘தூது’ என்னும் அதிகாரத்தில் கூறுகிறார். ஆனால் குடிப்பிறப்பு மட்டும் போதாது என்பதற்கு பிரான்சிஸின் தந்தையே சான்றாகிவிட்டார்.

தந்தை வில்லியம் நேப்பியர் 1834-இல் ஆங்கிலேய வாணிகத்தின் தலைமைக் கண்காணிப்பாளராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு முறைப்படி அனுமதி பெறாமலேயே காண்டன் நகருக்குள் நுழைந்தார். மனு எழுதுவது தம் தகுதிக்குக் குறைவு என்று கருதி, நேரே கடிதம் நீட்டினார். சீன ஆளுநர் அதை வாங்க மறுத்துவிட்டார். போர்க்கப்பல்களை வரவழைத்தும் பயனில்லை. காய்ச்சலோடு மக்காவுக்குத் திரும்பிய அவர் அவ்வாண்டு அக்டோபரில் அங்கேயே இறந்தார். அப்பொழுது மகனுக்கு வயது பதினைந்து. அந்த வயதிலேயே பிரபு பட்டம் அவர் தலையில் வந்தமர்ந்தது.

மகன் வேறு வழியில் நடந்தார். ஜெர்மனியிலும் ஜெனீவாவிலும் தங்கி அயல்மொழிகளைக் கற்றார். கேம்பிரிட்ஜில் படித்தும் பட்டம் பெறவில்லை. 1840-இல் தூதரகப் பணியில் சேர்ந்து வியன்னா, டெஹரான், கான்ஸ்டாண்டிநோபிள், நேப்பிள்ஸ் என்று ஊர் ஊராகப் பணியாற்றினார். கிரிமியப் போரின்போது மீண்டும் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் இருந்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் எதிர்க்கரையிலிருந்த ஸ்குட்டாரியில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்த காலம் அது. 1857 முதல் வாஷிங்டன், பிறகு ஹேக், 1861 முதல் ரஷ்யா, 1864 முதல் பெர்லின். அவர் ரஷ்யாவில் இருந்த 1861-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுப் பண்ணையடிமைகள் விடுதலை பெற்றனர்.

1866-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். வந்தவுடன் அவரை வரவேற்றது பஞ்சம். அன்று நம் மாகாணத்தின் வடகோடியாகவும் இன்று ஒடிசாவின் பகுதியாகவும் உள்ள கஞ்சம் மாவட்டம் பசியால் துடித்துக்கொண்டிருந்தது. பொதுச் சுகாதாரம், நீர்ப்பாசனம் பற்றி நைட்டிங்கேல் அம்மையாரோடு அவர் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார்.

நம் நாட்டுக் கட்டடக் கலையை மதித்த ஆளுநர் என்ற புகழும் அவருக்கு உண்டு. மதுரைத் திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடந்த நிலையில் அதைப் பழுதுபார்க்கச் செய்தார். திருவனந்தபுரத்து அருங்காட்சியகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியின் கட்டடத்திற்கு 1867-இல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. நம் திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1909 முதல் அக்கல்லூரியில்தான் கற்பித்தார் என்பதையும், அவரும் பின்னர் 1949-இல் சோவியத் நாட்டுக்கு நம் தூதுவராகச் சென்றார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பிரபு குடும்பம் அவருக்கு இல்லை!

1872 பிப்ரவரியில் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டார். நேப்பியர் இரண்டு மாதங்களுக்குச் சற்று மேலாகத் தற்காலிக வைஸ்ராயாக இருந்து, பிறகு தாயகம் திரும்பினார்.

அவர் வாழ்க்கையின் பெரும்பணி இதற்குப் பின்தான் வந்தது என்பது எங்கள் எண்ணம். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைகளிலும் தீவுகளிலும் ‘கிராஃப்டர்’ என்னும் சிறு குத்தகைக் குடியானவர்கள் வாழ்ந்தனர். ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலக்கிழார்கள் அவர்களைத் தலைமுறை தலைமுறையாக வெளியேற்றி வந்தனர். 1882-இல் ஸ்கை தீவின் பிரேஸ் என்ற சிற்றூரில், மேய்ச்சல் மலைக்காக எழுந்த வழக்கில் ஆட்களைக் கைது செய்ய வந்த காவலரை ஊர்ப் பெண்கள் முன்னின்று கல்லெறிந்து எதிர்த்தனர். அடுத்த ஆண்டே அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் நேப்பியர் பிரபு.

1883 மே மாதம் அதே பிரேஸில் விசாரணை தொடங்கியது. முதலில் எழுந்தவர் ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குடியானவர். அவர் கேலிக் மொழியில் பேச, மற்றொருவர் ஆங்கிலப்படுத்தினார். “உண்மையைச் சொன்னதற்காக என்னை நிலத்தைவிட்டு விரட்டமாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா?” என்பதே அவர் கேட்டதன் பொருள். அரசர்களிடம் நாட்டின் சார்பில் பேசிய நேப்பியரால் அந்த ஒரு ஏழைக்கு உறுதி தர முடியவில்லை. சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தை அளிக்கவில்லை. அங்கே இருந்த நிலக்கிழாரின் காரியஸ்தர் வாக்களித்த பிறகுதான் ஆங்கஸ் வாய் திறந்தார். குழு ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கானோரின் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டது.

1884-இல் அறிக்கை வெளிவந்தது. மிகச் சிறிய நிலம் வைத்திருப்போருக்கும் நிலைத்த உரிமை தர நேப்பியர் முன்வரவில்லை. அதுவரையில் அவர் பிரபுவாகவே நின்றார். ஆனால் எழுதி வைக்கப்பட்ட அந்தச் சாட்சியங்களைக் கண்டபின் நாடாளுமன்றத்தால் வாளாவிருக்க முடியவில்லை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அறிக்கையையும் தாண்டிச் சென்றது. வாரம் செலுத்தும் குடியானவரை வெளியேற்றலாகாது, வாரம் நியாயமாக இருக்க வேண்டும், உரிமை வாரிசுக்குச் செல்லும் என்று அது விதித்தது. நேப்பியர் 1898 டிசம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் காலமானார்.

அவர் ஆளுநராக இருந்தபோது நம் திருத்தணி, கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. ஜமீன் நிலத்துக் குடிகளுக்கு நிலைத்த உரிமை வழங்கிய சென்னைச் சட்டம் 1908-இல்தான் வந்தது. ஜமீன்களை ஒழிக்கும் சட்டத்திற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.